புழுதியில விதைச்சா முளைக்குமா?

காலையில 5 மணிக்கு ஹாஸ்டல் மொட்டை மாடி. யார் வந்தாங்க, யார் வரலைன்னு நோட்டுல டிக் அடிக்கிறது நான்தான். எங்க மாணவர் ஜெபக்குழுவுல, 'ஃபர்ஸ்ட் இயர் தம்பிகளுக்கு ஜெபப் பழக்கம் வரணும், நீ பார்த்துக்கோ'னு பொறுப்பைக் கொடுத்ததும் நான் செஞ்ச முதல் வேலை இது. இன்ஜினீயரிங் படிக்கிறோம்ல... அட்டெண்டன்ஸ் இல்லாம நமக்கு எது நடந்திருக்கு?

முதல் வாரம் 14 பேர். மூணாவது வாரம் 5 பேர். 'இன்டர்னல் மார்க்குன்னா ஓடி வருவீங்க, ஆண்டவருக்குன்னா தூக்கம் வருதோ?'னு சத்தம் போட்டேன். மறுநாள் 4 பேர்!

வராம நின்னவங்கள்ல ஒரு தம்பிக்கு விளாத்திகுளம் பக்கம் ஊர். ரூமுக்கே போய்ப் பிடிச்சேன்.

''ஏன் தம்பி வர்றதில்ல?''

''எனக்கு உங்களை மாதிரி ஜெபிக்க வராதுண்ணே. வட்டமா உக்காந்து என் முறை வர்றதுக்குள்ள கையெல்லாம் வேர்த்துருது. அடுத்து என்ன சொல்லன்னு யோசிச்சே, மத்தவங்க ஜெபிக்கது காதுல விழ மாட்டேங்கு.''

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் மெதுவா, ''அம்மாவுக்கு ஒரு மாசமா நெஞ்சு வலிண்ணே. தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு போட்டா சம்பளம் போயிரும்னு ஆஸ்பத்திரிக்கே போக மாட்டேங்காங்க. அதை எல்லார் முன்னாடியும் சொல்ல வாய் வரல.''

அவன் பேருக்கு நேரா எட்டு நாள் டிக் அடிச்சிருக்கேன். அவன் வீட்டுல என்ன நடக்குதுன்னு ஒரு நாள்கூட கேட்கல.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. நான் கடைசியா தனியா ஜெபிச்சது எப்போ? யோசிச்சுப் பார்த்தேன்... ஞாபகமே இல்லை! பொறுப்பு வந்ததுல இருந்து நாலு பேர் 'ஆமென்' சொல்ற இடத்துல மட்டும்தான் என் ஜெபம். கதவைப் பூட்டிக்கிட்டு ஜெபிக்கச் சொன்னார் இயேசு. நான் மொட்டை மாடியில நோட்டைத் திறந்து வெச்சுட்டு இருந்தேன்.

அந்த சனிக்கிழமை அவனோட ஊருக்குப் போனேன். புரட்டாசி மாசம். ஒரு பொட்டு மழை இல்லை. கரிசக்காடு வெந்து கிடக்கு. ஆனா அவங்க அப்பா உளுந்து விதைச்சுட்டு இருந்தார்.

''மழையே இல்லையே மாமா, எப்படி முளைக்கும்?''

''மழை பெஞ்சா கரிசல்ல கால் வைக்க முடியுமாய்யா? மாடும் புதையும், டிராக்டரும் புதையும். அதான் புழுதியிலயே போட்டு வைக்கோம். கொஞ்சம் ஆழமாப் போட்டா சின்னத் தூறலுக்கு ஏமாந்து முளைக்காது. நல்ல மழைக்குத்தான் எந்திரிக்கும்.''

இதுக்குப் பேரு புழுதி விதைப்பு. 1901-ல் ஆரம்பிச்ச நம்ம கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம்கூட மானாவாரிக்குப் பரிந்துரைக்கிற முறைதான். எனக்கு அங்கேயே உறைச்சுது. நான் பசங்ககிட்ட தினமும் மழையை எதிர்பார்த்தேன். கண்ணீர், உருக்கம், அரை மணி நேர ஜெபம்! பழக்கம்ங்கிறது அது இல்லை. ஒண்ணுமே தோணாத நாள்லயும் போட்டு வைக்கிற விதை.

இந்த மண்ணுக்கு இது புதுசும் இல்லை. கேம்பிரிட்ஜ்ல கணக்குல முன்னணியில தேறின ராக்லண்ட், 1854-ல் இருந்து சிவகாசி சுற்று வட்டாரத்துல கூடாரம் போட்டு ஊர் ஊரா சுத்தினார். கோதுமை மணி மண்ணுல விழுந்தாத்தான் பலன் தரும்ங்கிற இயேசுவோட வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டவர். 1858-ல் சிவகாசியிலயே இறந்துட்டார். அவர் கண்ணால பார்த்த அறுவடை கொஞ்சம்தான்.

திரும்பி வந்ததும் நோட்டை மூடிட்டேன். இப்போ எங்க முறை சிம்பிள்:

ரெண்டு ரெண்டு பேரா ஜோடி. வட்டம் கிடையாது.

அஞ்சே நிமிஷம். பல் விளக்கினதுக்கு அப்புறம், மெஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி. தினமும் செய்யற வேலையோட சேர்த்துட்டா மறக்காது.

வார்த்தை வரலையா? ஒரு சங்கீதம் வாசி. அழுகை, கோபம், புலம்பல் எல்லாமே அதுல இருக்கு.

நேத்து விட்டுட்டியா? கணக்குப் பார்க்காதே. இன்னைக்கு உட்காரு.

ஜோடிகிட்ட ஒரு கேள்வி கட்டாயம்: ''வீட்டுல எப்படி இருக்காங்க?''

எத்தனை பேர் ஜெபிக்கிறாங்கன்னு இப்போ எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அந்தத் தம்பிக்கு ஜோடி நான்தான். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கெஞ்சினதுல அவங்கம்மா ஒரு வழியா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. மாத்திரை ஓடிக்கிட்டு இருக்கு. முழுசா சரியாகல. தினமும் அவன் ஜெபம் ஒரே வரிதான்: ''ஆண்டவரே, எங்கம்மாவப் பாத்துக்கிடும்.''

அடுத்து என்ன சொல்லலாம்னு யோசிக்காம, நானும் 'ஆமென்' சொல்றேன்.