கீழிருந்து படித்த பட்டியல்

எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் கீழிருந்து மேலே படிப்பது என் பழக்கம். பள்ளிக்கூடத்தில் தேர்வு முடிவு ஒட்டிய பலகையின் முன்னால் தொடங்கியது இது. கடைசிப் பெயர் நம்ம பெயரா இருந்துடக் கூடாதே என்கிற பயம். பயம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஜப்பான் கால்பந்தின் மூன்றாம் அடுக்கான ஜே3 லீக்கின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலையும் அப்படித்தான் படித்தேன். வாராவாரம் படித்தேன். ஒரு பருவம் முழுக்கப் படித்தேன்.

இவனுக்கும் ஜப்பானுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அண்ணன் மகன் யோகோஹாமாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அந்த ஆண்டு மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் செய்தான்.

"சித்தப்பா, இன்னிக்கு ஃபுட்பால் மேட்ச் பாக்கப் போனேன்."

"பெரிய டீமா?"

"இல்ல, மூணாவது டிவிஷன். நம்ம டீம்ல நெறைய பேரு பகல்ல வேற வேலைக்குப் போறவங்களாம். வேலை பாத்துக்கிட்டே ஆடுறாங்க."

"நம்ம டீம்" என்று அவன் சொன்னதை நான் கவனித்தேன். ஒரே ஆட்டம் பார்த்தவன்.

எனக்கு மனதில் தைத்தது அந்த "வேற வேலை"தான். பகலில் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். ராத்திரியில்தான் இயக்க வேலையும் எழுத்தும். "முழுநேரமா என்ன பண்றீங்க?" என்று கேட்பவர்களுக்கு இதுவரை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. கேட்பவர் அறியாமல் கேட்பதில்லை. சம்பளம் வருகிற வேலைதான் நீ, மற்றதெல்லாம் உன் பொழுதுபோக்கு என்று சொல்லாமல் சொல்கிற கேள்வி அது. அதனால்தான் கடல் தாண்டி ஒரு கூட்டம் அதே கேள்வியைக் காலில் கட்டிக்கொண்டு ஓடுகிறது என்றதும் விட முடியவில்லை.

அந்த அணியின் பெயர் ஒய்.எஸ்.சி.சி. யோகோஹாமா விளையாட்டு, பண்பாட்டுக் கழகம் என்று விரியும். பிறந்த ஆண்டு 1986. பிறப்பிலேயே ஒரு சண்டை இருக்கிறது. யோகோஹாமாவில் ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டுக் கழகமாகத் தொடங்கி வளர்ந்த ஓர் அணிக்குள், ஆல் நிப்பான் ஏர்வேஸ் என்கிற விமான நிறுவனம் பணத்தோடு வந்தது. அணி நாட்டின் முதல் டிவிஷன் வரைக்கும் ஏறியது. ஏற ஏறப் பெயரும் அதிகாரமும் நிறுவனத்தின் கைக்குப் போயின. கழகத்தைக் கட்டியவர்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். 1986 மார்ச்சில் பருவத்தின் கடைசி ஆட்டத்தன்று ஆறு ஆட்டக்காரர்கள் "ஆட மாட்டோம்" என்று மைதானத்தைப் புறக்கணித்தார்கள். அணி ஆள் குறைவாக இறங்கித் தோற்றது. ஆறு பேருக்கும் தடை விழுந்தது. பிரிந்து வந்தவர்கள் கட்டியதுதான் ஒய்.எஸ்.சி.சி. லாப நோக்கில்லாத அமைப்பாக, சிறுபிள்ளைகளிலிருந்து பெரியவர்கள்வரை ஆடுகிற கழகமாக அது வளர்ந்தது.

நிறுவனத்தின் அணி என்ன ஆனது? யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ் என்ற பெயரில், 1993இல் பத்து அணிகளோடு தொடங்கிய ஜே லீக்கில் ஓர் அணியாக நின்றது. ஐந்து ஆண்டு கழித்து, 1998 அக்டோபரில், செலவைப் பகிர்ந்துவந்த கட்டுமான நிறுவனம் விலகியதும் அதே நகரத்தின் இன்னோர் அணியோடு இணைத்துவிடுவதாக அறிவித்தார்கள். ரசிகர்களைக் கேட்கவில்லை, ஆட்டக்காரர்களைக் கேட்கவில்லை. கலைக்கப்படப் போகிற அணி 1999 ஜனவரி முதல் நாள் பேரரசர் கோப்பையை வென்றது. வென்ற கையோடு இல்லாமல் போனது. ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. காசு திரட்டி யோகோஹாமா எஃப்.சி. என்று தங்களுக்கென்று ஓர் அணியை உண்டாக்கினார்கள். 1986இல் ஆறு பேர் மைதானத்துக்குள் சொன்னதைத்தான் பன்னிரண்டு ஆண்டு கழித்து ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே நின்று சொன்னார்கள் என்று எனக்குப் படுகிறது.

இனி 2024க்கு வருவோம். ஜே3 லீக் 2014இல் தொடங்கியபோது பன்னிரண்டு அணிகள். அவற்றில் ஒய்.எஸ்.சி.சி.யும் ஒன்று. முதல் ஆண்டே கடைசி இடம். ஆனாலும் பாதகமில்லை. அன்று அந்த லீக்கிலிருந்து யாரையும் கீழே தள்ளுகிற விதி கிடையாது. தோற்றாலும் அடுத்த ஆண்டு ஆடலாம். மூன்று பேருக்காவது தொழில்முறை ஒப்பந்தம் தந்திருந்தால் போதும், மற்றவர்கள் வேறு பிழைப்புப் பார்த்துக்கொண்டு ஆடலாம். 2024இல் மூன்று அடுக்கிலும் இருபது இருபது என்று அறுபது அணிகள் நிறைந்துவிட்டன. கீழே தள்ளும் விதி 2023இலேயே வந்திருந்தாலும் அது முதன்முதலாக ஆட்களைத் தின்றது 2024இல்தான்.

இருபது அணி, ஆளுக்கு முப்பத்தெட்டு ஆட்டம். வடக்கே ஹச்சினோஹேயிலிருந்து தெற்கே ஒகினாவாவரை பயணம். 2011 மார்ச்சின் நிலநடுக்கத்தையும் அணுஉலை விபத்தையும் கண்ட ஃபுகுஷிமாவின் அணியும் இதில் உண்டு. அந்த அணிக்கு விவசாயப் பிரிவு ஒன்று இருக்கிறது. ஆட்டக்காரர்களே தோட்டத்தில் இறங்கி வேலை செய்கிறார்கள், போகிற ஊர் மைதானங்களில் தங்கள் மண்ணின் பழங்களை விற்கிறார்கள். "எங்க பழத்தைச் சாப்பிடுங்க" என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டிய நிலைமை ஒரு மக்களுக்கு வந்தால் அது வெறும் வியாபாரமில்லை.

பட்டியலின் உச்சியில் ஒமியா அர்டிஜா. பருவம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆகஸ்டில், அந்த அணியை ரெட் புல் நிறுவனம் வாங்கப்போகிற செய்தி வந்தது. ஒரே பட்டியலில் மேலே ஓர் அணி கைமாறுகிறது, கீழே ஓர் அணி மூச்சுக்குத் திணறுகிறது. வடக்கே மோரியோகா நகரத்தின் அணி கடைசி இடம். 2022இல் இரண்டாம் அடுக்கில் ஆடிய அணி அது. இரண்டே ஆண்டில் மூன்றாம் அடுக்குக்கும் வெளியே போனது. அதற்கு மேலே பத்தொன்பதாம் இடம், ஒய்.எஸ்.சி.சி. அந்த இடத்தில் நிற்பவர்கள் நான்காம் அடுக்கில் இரண்டாவதாக வந்த அணியோடு இரண்டு ஆட்டம் ஆடித் தப்பிக்க வேண்டும்.

எதிரே வந்தது கோச்சி. கேரளத்துக் கொச்சி இல்லை, ஷிக்கோக்கு தீவின் தெற்குப் பகுதி. அந்தத் தீவில் நான்கு மாகாணங்கள். கோச்சியில் மட்டும்தான் ஜே லீக் அணி இல்லாமல் இருந்தது. இங்கேதான் எனக்கும் அண்ணன் மகனுக்கும் சண்டை.

"என்னடா விதி இது? பத்து வருசமா தோத்தாலும் நின்னு ஆடுனவங்கள ரெண்டு மேட்ச்ல வெளிய தள்ளுறது?"

"சித்தப்பா, கதவு சாத்தியே இருந்தா கோச்சிக்காரன் எப்ப உள்ள வர்றது? அவனும் நம்மள மாதிரி வாசல்ல நின்னவன்தான்."

பதில் சொல்ல முடியவில்லை. நான் உள்ளே இருக்கிறவனின் நியாயத்தைப் பேசிக்கொண்டிருந்தேன். கடைசி இடம் என்பதாலேயே அவர்களை ஒடுக்கப்பட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் பந்தாட்டத்தில் தோற்றார்கள், அவ்வளவுதான். எல்லாத் தோல்வியும் அநீதி இல்லை. இதைச் சொல்ல எனக்கு இருபது வயதுக்காரன் வேண்டியிருந்தது. ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாசலில் நிற்கிற ஒருவன் உள்ளே வர, உள்ளே இருப்பவர்களில் ஆக இளைத்தவன்தான் வெளியே போக வேண்டும் என்று இருபது நாற்காலி போட்டு எண்ணி வைத்தது யார்? அந்தக் கணக்கை நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

டிசம்பரில் இரண்டு ஆட்டமும் முடிந்தன. கோச்சி உள்ளே வந்தது, ஒய்.எஸ்.சி.சி. வெளியே போனது. அண்ணன் மகன் மிட்சுசாவா மைதானத்தில் இருந்தான். அன்றைக்கு அவன் போன் செய்யவில்லை. மறுநாள் செய்தான். "கோச்சிக்காரங்களுக்கும் கை தட்டினேன் சித்தப்பா. மனசு கேக்கல, ஆனா தட்டினேன்" என்றான்.

கூலியைப் பேசாமல் இதை முடித்தால் தப்பு. அந்த 2024 பருவத்தில் ஜே3 ஆட்டக்காரர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்று ஒன்று கிடையாது. 2026 முதல்தான் ஒப்பந்த ஆட்டக்காரர்களுக்கு அடிப்படை ஊதியத்தில் தரை வைத்தார்கள். முதல் அடுக்கில் ஆண்டுக்கு 48 லட்சம் யென், இரண்டாம் அடுக்கில் 36 லட்சம், மூன்றாம் அடுக்கில் 24 லட்சம். பாதிக்குப் பாதி. ஒரே பந்து, ஒரே தொண்ணூறு நிமிடம், அடுக்குக்கு அடுக்கு கூலி வேறு. ஆனாலும் இல்லாத தரைக்கு இருக்கிற தரை மேல். அதற்குக் கீழே, ஒப்பந்தமே இல்லாமல் ஆடுகிறவர்களுக்கு இதுவும் எட்டாது.

2025இல் ஒய்.எஸ்.சி.சி. நான்காம் அடுக்கில் ஆடப் போனது. வேலைக்குப் போகிறவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடினார்கள். நானும் அச்சகத்துக்குப் போய்க்கொண்டே அந்தப் பட்டியலைத் தேடிப் பிடித்துப் படித்தேன், கீழிருந்துதான். போன வாரம் அச்சகத்தில் ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "முழுநேரமா என்ன பண்றீங்க?"

"எழுதுறேங்க" என்றேன். மெய்ப்புத் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன்.