அப்பாவின் காரும் ஒரு கட்டுக் கம்பியும்

கல்லடிப் பாலத்தின் நடுவே, மாலை ஆறரை மணியளவில், எங்கள் மொரிஸ் மைனரின் முன்விளக்குகள் இரண்டும் ஒருசேர அணைந்தன. அத்தோடு நின்றிருந்தால் இதனை எழுதியிருக்கமாட்டேன். டாஷ்போர்டின் அடியிலிருந்து புகை கிளம்பிற்று. ஆரையம்பதியில் ஒரு வீட்டு விசேடம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பின் ஆசனத்தில் மனைவியும் மூன்று வயதுப் பேத்தியும். பொனற்றைத் திறந்து பற்றரியின் கவ்வியைக் கையாலேயே பிடுங்கி எடுத்தேன். புகை அடங்கியது. "அப்பப்பா, இன்னொருக்கா" என்றாள் பேத்தி. மனைவி அன்றிரவு முழுவதும் என்னோடு பேசவில்லை.

ஆசிரியராயிருந்த அப்பா பழைய காராக வாங்கிய 1958 ஆம் ஆண்டு வண்டி அது. இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வேண்டாமென்று தமிழர் போராடிய அதே ஆண்டு. அந்தக் கதை இன்னொரு நாளைக்கு. 1978 நவம்பர்ச் சூறாவளியில் மாமரம் சாய்ந்து கூரை நசுங்கியது. 1990 இல் உதிரிப்பாகம் எதுவுமே கிடைக்காத நாட்களில், அழைப்புமணிக்குப் போடும் மெல்லிய கம்பியை வைத்து அப்பா பின்விளக்கைத் தாமே எரிய வைத்தார்.

எங்களூர் வயரிங் பாஸ் மூன்று நாள் குடைந்து பார்த்தார். பற்றரியில் 12.6 வோல்ற், ஹெட்லைற்றைப் போட்டால் அங்கே சென்று சேர்வது 9.8 மட்டுமே. உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடித்துத் தடை கூடுகிறது, தடை கூடிய இடம் சூடாகிறது, சுற்றியிருந்த துணி கருகுகிறது. இந்தக் காருக்கு உள்ளவையே இரண்டு பியூஸ்கள்தாம். முன்விளக்குகளுக்குப் பியூஸே இல்லை. "சேர், ஒட்டுப்போட்டு ஓட ஏலா. முழுசாக் கழட்டி மாத்துவம்" என்றார்.

எதை மாற்றுவது என்பதில்தான் இருவருக்கும் பிணக்கு. எந்த வாகனத்துக்கும் பொருந்துமென்று விற்கப்படும் மலிவான பொதுக் கோவையைப் போடலாம் என்பது அவர் யோசனை. விலை குறைவு, பியூஸ்களும் அதிகம். ஆனால் அதன் நிறங்கள் வேறு. லூக்காஸ் முறையில் மண்ணிறம் பற்றரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி திருப்பியபின் வருவது, பச்சை பியூஸைக் கடந்தது, நீலம் முன்விளக்கு, கறுப்பு எர்த். இந்த ஒழுங்கு குலைந்தால் கையேட்டிலுள்ள படம் வெறும் கோலம். இந்தப் பாஸ் இல்லாத ஒரு நாளில் வேறொருவர் பொனற்றைத் திறந்தால் அவர் குருடர்தான். தவிரவும், இக்காரில் பற்றரியின் நேர்முனையே உடம்போடு பொருத்தப்பட்டிருக்கிறது. இதை அறியாத கையொன்று கம்பியை மாற்றித் தொட்டால் அடுத்த புகை அங்கேயே.

இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் பக்கத்து ஓட்டோஸ்பார்க்ஸ் நிறுவனம் பழைய கார்களுக்கு அதே நிறங்களில் கம்பிக் கோவை செய்கிறது. இலண்டனிலுள்ள மகள் அனுப்புகிறேன் என்கிறாள். கப்பல் கூலி, சுங்கவரி எல்லாம் கூட்டினால் என் ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு துண்டு போய்விடும். 'விற்றுவிடுங்கள்' என்பது மனைவியின் கட்சி. 2020 மார்ச்சிலிருந்து 2025 வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய இரும்புக்கே பொன் விலை வந்தது. கேட்டு வந்தவர்களும் உண்டு. ஆனால் புகை விடும் காரை இன்னொருவர் பிள்ளைகளை ஏற்றிச் செல்லவென்று விற்க எனக்கு மனம் வரவில்லை.

மகளிடம் சொல்லிவிட்டேன். பார்வைக்கு அழகான துணி சுற்றிய வகை வேண்டாம், வாவிக்கரை ஈரத்தை அது குடிக்கும். பிளாஸ்ரிக் உறை போட்டதே வரட்டும். பாஸின் பேச்சையும் தள்ளவில்லை. முன்விளக்குகளுக்குத் தனிப் பியூஸும் ரிலேயும் அவர் விருப்பப்படியே வைக்கப்படும்.

நேற்றுப் பழைய கட்டைக் கழற்றும்போது, பின்விளக்குக்குப் போகும் அந்த மணிக்கம்பி கையில் வந்தது. முடிச்சுக்கு மேல் அப்பா சுற்றிய பிளாஸ்ரர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "இதை எறியட்டா, சேர்?" என்று பாஸ் கேட்டார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.