தங்கமணி ஓட்டிய மலைப்பாதை

ஸ்பிட்டிக்குக் கார்ல போகலாமா என்று டெல்லி, குர்காவ் நண்பர்கள் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். மணாலி வழியா ஏறாதீங்க, சிம்லா வழியா ஏறுங்க. மணாலி 2,000 மீட்டர் உயரம். அங்கிருந்து ஒரே நாளில் 4,250 மீட்டரில் இருக்கும் சந்திரதால் ஏரிக்குப் போய்ப் படுத்தால் ராத்திரி தலைவலியும் வாந்தியும் வரலாம், சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடும். சிம்லா, கல்பா, நாக்கோ, தாபோ, காஸா என்று சுற்றிக்கொண்டு போனால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும். ரெண்டு மூணு நாள் கூடுதல் லீவு வேணும், அவ்வளவுதான்.

2012 செப்டம்பரில் நானும் தங்கமணியும் அப்படித்தான் போனோம். ஒரு பழைய ஜிப்ஸி, ரெண்டு பேர் படுக்கிற கூடாரம், குக்கர், சின்ன சிலிண்டர், ரசப்பொடி, புளிக்காய்ச்சல், நல்லெண்ணெய். வண்டி ஓட்டுவது அவள், சமையல் நான். சிரிக்காதீங்க மக்களே, காரணம் இருக்கு.

மாமனார் பஸ் டிரைவர். பொள்ளாச்சி - வால்பாறை ரூட்டில் பல வருஷம் ஓட்டியவர். 40 கொண்டை ஊசி வளைவு. சின்ன வயசில் பள்ளிக்கூடம் லீவு விட்டால் இவள் டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்து மேலே போய்க் கீழே வருவாளாம். அந்த வருஷம் பிப்ரவரியில் அவர் தவறிட்டார். டெல்லியிலிருந்து கோவைக்கு விமானம் பிடித்து, அங்கிருந்து பொள்ளாச்சி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முகம் பார்க்கவில்லை. அதற்கப்புறம் வீட்டில் அப்பா என்ற பேச்சே கிடையாது. நானாக ஆரம்பித்தாலும் "குக்கர் எத்தனை விசில் வந்துச்சுங்க?" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

நார்கண்டா வரை சொல்ல ஒன்றுமில்லை, கூட்டமும் ஆப்பிள் லாரியும்தான். கல்பாவில் முதல் கூடாரம். எதிரே கின்னர் கைலாஷ். அதைத் தாண்டி காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி நதி சட்லெஜில் வந்து கலக்கிறது. பாறையைக் குடைந்து போட்ட ரோடு, தலைக்கு மேலேயே பாறை துருத்திக்கொண்டு நிற்கும். பக்கத்தில் பார்த்தால் ஆறு எங்கேயோ கீழே. நான் பார்க்கவில்லை :)

கொஞ்சம் மேலே ஒரு வளைவில் எதிரே லாரி இறங்கி வந்தது. ரெண்டு வண்டிக்கு இடமில்லை. தங்கமணி அசையாமல் நின்றாள். லாரிக்காரர் ரெண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டு, பின்னாலேயே போய் ஒதுங்கினார். கடந்து போகும்போது ஒரு சலாம் வேறு!

"எறங்கற வண்டிதானுங்க ஒதுங்கோணும். ஏறுற வண்டியை நிறுத்துனா மறுபடி கெளப்பறது செரமம்னு அப்பா சொல்லுவாரு."

ஏழு மாசத்தில் முதல் தடவை. நான் ஒன்றும் பேசவில்லை. தண்ணி பாட்டிலை மட்டும் நீட்டினேன்.

அப்புறம் வழி முழுக்க அப்பாதான். எந்தக் கியர்ல ஏறுனமோ அந்தக் கியர்லதான் எறங்கோணும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே எறங்குனா சூடேறிப் பிடிக்காமப் போயிரும். ஓடையில எறங்கறதுக்கு முன்னாடி எறங்கிப் பாரு. அந்தக் கடைசி விஷயம் அங்கே ரொம்ப முக்கியம். மதியத்துக்கு மேல் பனி உருகி ஓடையில் தண்ணீர் ஏறிவிடும், காலையிலேயே தாண்டிவிட வேண்டும்.

தாபோவில் ஒரு ராத்திரி. அங்கே இருக்கும் பௌத்த மடம் 996ல் கட்டியது. நம்ம தஞ்சைப் பெரிய கோயிலைவிட மூத்தது, அதுவும் மண் சுவரில்! உள்ளே ஓவியங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது "அப்பாவைக் கூட்டிட்டு வந்திருக்கலாமுங்க" என்றாள். காஸாவில் டேங்க்கை நிரப்பிக்கொண்டோம், அதை விட்டால் அப்போது மணாலிதான். குன்ஸும் கணவாயில் அம்மன் கோயிலை வண்டியோடு ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போவது அங்கே வழக்கம். தங்கமணி ரெண்டு சுற்று சுற்றினாள்.

சந்திரதாலில் என் மானம் போனது. அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு ஜென்மத்துக்கும் வேகாது. அதற்காகத்தான் குக்கரைச் சுமந்து போனேன். குளிரில் கேஸ் முக்கி முனகித்தான் எரிந்தது. விசில் வர முக்கால் மணி நேரம். இன்றைக்கு ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதி கிடையாது. நாங்கள் அன்றைக்கே ரொம்பத் தள்ளித்தான் போட்டிருந்தோம். ரசத்தை டம்ளரில் ஊற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தோம். அப்போது அவளே சொன்னாள். கடைசியாகப் போனில் பேசியபோது, டெல்லியில் பனிமூட்டம் குறைஞ்சுதா என்று கேட்டாராம். மூட்டத்தில ஹெட்லைட்டை டிம்முலயே போடு கண்ணு, பிரைட்டுல போட்டா எதுவும் தெரியாது என்றாராம். அவ்வளவுதான் பேச்சு. சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அழுதாள். வெளியே காற்று கூடாரத்தைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. ரசம் ஆறிப்போச்சு, மறுபடி சுட வைத்தேன்.

மறுநாள் ரோதாங் ஏறி இறங்கினோம். 2020ல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்தக் கணவாய் ஏறாமலே அந்தப் பக்கம் போய்விடலாம். மணாலி பக்கம் வந்ததும் போனுக்கு சிக்னல் வந்தது. வண்டியை ஓரங்கட்டி முதல் வேலையாகப் பொள்ளாச்சிக்கு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஆமாம்மா, நான்தான் ஓட்டுனேன். நம்ம வால்பாறை ரோட்டுல பாதிகூட அகலம் இல்லைம்மா. ஆனா அப்பாவா இருந்தா பஸ்ஸையே கொண்டாந்திருப்பாரு."

ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அந்தப் பக்கம் அத்தை சிரிக்கும் சத்தம் எனக்கும் கேட்டது.