உலகம் சுற்றிய கூலி

பட்டிப்பொலவைக் கடந்ததும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை ஒரு சுரங்கத்தினுள் நுழைகிறது. சுரங்கத்தின் இப்புறம் மத்திய மாகாணம், அப்புறம் ஊவா. இப்புறம் மழையும் மூடுபனியுமாக இருக்க, அப்புறம் வெயில் பளிச்சென்று எறிக்கும் நாட்கள் பல. ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை, ஹாலிஎல என்று வளைந்து வளைந்து இறங்கும் அப்பாதை பதுளையில் முடிவடைகிறது. 1924ஆம் ஆண்டில்தான் அது பதுளையை எட்டியது. வழிநெடுக இருமருங்கும் தேயிலை. ஆடி, ஆவணி மாதங்களில் இம்மலைகளின்மேல் வீசும் வறண்ட காற்று கொழுந்துக்கு ஒரு தனி மணத்தைத் தருகிறது; அம்மணத்துக்காகவே ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் பெற்றது.

பதுளைக்கு வருவோர் துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைக் காண்பர். ஒன்பது வளைவுப் பாலத்தையும், புகையிரதம் தன்னைத்தானே சுற்றிவந்து தன் தடத்தின் அடியில் புகுந்து செல்லும் தெமோதரைச் சுற்றுப்பாதையையும் கண்டு வியப்பர். கண்ணுக்கு விருந்தாவன இவை. காதுக்கும் இங்கே ஒரு விருந்து உண்டு. தோட்டங்களில் வழங்கும் சொற்களைச் செவிமடுத்தால் பல நாடுகளின் வரலாறு அவற்றில் ஒலிப்பதைக் கேட்கலாம். அதிகாலையில் தொழிலாளரை அணிவகுத்து நிறுத்தும் 'பெரட்டு' ஆங்கிலத்தின் 'பரேட்'. வரிசையாகக் கட்டிய குடியிருப்பாகிய 'லயம்' அதே மொழியின் 'லைன்'. இவை வெளியிலிருந்து வந்து தமிழில் குடியேறிய சொற்கள். தமிழிலிருந்து வெளியே சென்றவையும் உண்டு. கங்காணி சென்றான், அவனுக்கும் முன்னரே 'கூலி' சென்றது. கூலி சென்ற தூரத்தை நோக்கினால், தமிழ்ச் சொற்களுள் அதனைப் போல் உலகைச் சுற்றியவை மிகச் சிலவே எனலாம். அதன் பயணத்தையே இங்கே சற்று ஆராய விரும்புகிறோம்.

தன் பிறந்த வீட்டில் கூலி இழிந்த சொல் அன்று. உழைப்புக்குரிய ஊதியம் என்பதே அதன் பொருள். திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், இச்சொல்லை ஆள்கிறார். ஊழ் துணை நில்லாவிடினும், உடல் வருந்தி உழைத்தவனுக்கு அவ்வுழைப்பின் அளவுக்கேற்ற பயன் கிட்டாமற் போகாது என்பது கருத்து. அப்பயனுக்கு அவர் இட்ட பெயர் கூலி. திருவிளையாடற் புராணத்திலோ, மதுரைச் சொக்கநாதரே கூலியாளாக வந்துவிடுகிறார். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கோர் ஆள் வரவேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக்கிழவிக்கோ ஆள் இல்லை. இறைவன் கூடையுடன் வந்து, பிட்டையே கூலியாகப் பேசிக்கொண்டு மண் சுமக்கிறார். மன்னன் அவர் முதுகில் ஓங்கிய பிரம்படி உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் முதுகிலும் விழுகிறது. இக்கதையைத் திருவாசகத்தில் நினைவுகூரும் மாணிக்கவாசகரும் கூலி என்னும் சொல்லையே வழங்குகிறார். கூலிக்கு உழைப்பவனை அடித்தால் உலகமே நோகும் என்று கதை சொன்ன ஒரு மொழியில் பிறந்த சொல் இது.

இன்றும் பொற்கொல்லர் செய்கூலி வாங்குகிறார். வண்டிக்கூலியும் ஏற்றுக்கூலியும் நம் வீட்டுக் கணக்குகளில் இடம்பெறுகின்றன. மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய உடன்பிறந்த மொழிகளிலும் இச்சொல் இதே பொருளில் வழங்குகிறது. பதுளைக் கடைத்தெருவில் சிங்கள மக்கள் பேசுவதைக் கேட்டால் அங்கும் இதனைக் காணலாம். 'குலிய' என்றால் சிங்களத்தில் வாடகை. 'கெவல் குலிய' என்றால் வீட்டு வாடகை. அண்டை வீட்டிலும் சொல் தன் பழைய பொருளை இழக்கவில்லை.

நிற்க. கொடுக்கும் பணத்தைக் குறித்த சொல், பெறும் மனிதனைக் குறிக்கலாயிற்று. இம்மாற்றம் ஐரோப்பியரின் வாயில் நிகழ்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைகளுக்கு வந்த போர்த்துக்கீசர் முதலியோர் சுமை தூக்குவோரை இப்பெயரால் குறித்தனர். ஆங்கிலேயர் அதனைத் தொடர்ந்தனர். சொல்லின் மூலம் பற்றி அறிஞரிடையே இருவேறு கருத்துகள் உண்டு. 1855இல் இந்தியச் சொற்களுக்கு ஓர் அகராதி வெளியிட்ட வில்சன், தமிழ்க் கூலியே மூலம் என்றார். 1886இல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியின் ஆசிரியர்கள் யூலும் பர்னலும், குஜராத்துக் கோலி இனத்தவரின் பெயரிலிருந்து அது வந்திருக்கலாம் என்றும், தென்னாட்டுக் கூலியும் அதனோடு கலந்திருக்கலாம் என்றும் கருதினர். அடிமையைக் குறிக்கும் துருக்கிச் சொல்லாகிய 'குல்' என்பதையும் சிலர் தொடர்புபடுத்துவர். இரண்டு ஓடைகள் கலந்து ஓர் ஆறாயிற்று என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. எனினும், அந்த ஆறு தமிழன் காதில் விழுந்தபோது, அவன் தன் சொல்லையே கேட்டான். வேறு பொருளில் கேட்டான்.

உலகில் 'அடிமை' என்பதற்கு ஆங்கிலேயர் வழங்கும் 'ஸ்லேவ்' என்னும் சொல், ஸ்லாவ் என்னும் இனத்தின் பெயரிலிருந்து வந்தது. இடைக்காலத்தில் அவ்வினத்தார் பலர் அடிமைகளாக விற்கப்பட்டமையால், மக்களின் பெயர் ஒரு நிலையின் பெயராயிற்று. கூலியின் கதை அதற்கு நேர்மாறானது. இங்கே ஊதியத்தின் பெயர் மக்களின் பெயராயிற்று.

கப்பல்கள் இச்சொல்லை எங்கெங்கோ கொண்டு சென்றன. சீனத்தில் இது இரண்டு எழுத்துகளால் எழுதப்படுகிறது. முதலாவதான 'கூ' கசப்பு, துன்பம் என்று பொருள்படும். இரண்டாவதான 'லி' வலிமை என்று பொருள்படும். ஒலிக்காகத் தேர்ந்த எழுத்துகள் பொருளையும் சேர்த்துச் சொல்லிவிட்டன: கசந்த உழைப்பு. ஜப்பானியர் அதே எழுத்துகளைக் 'கூரி' என்று படித்தனர். மலாய் மொழியிலும் இந்தோனேசிய மொழியிலும் 'குலி'. சுமாத்திராவின் டெலிப் பகுதியில் புகையிலைத் தோட்டங்கள் வைத்திருந்த டச்சுக்காரர் 1880இல் 'கூலிச் சட்டம்' என்ற பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றினர். ஒப்பந்தத்தை மீறி ஓடுபவனைத் தண்டிக்க அது வழி செய்தது. அங்கே உழைத்தவர்களிற் பெரும்பாலோர் சீனரும் ஜாவானியரும் ஆவர். அவர்களைக் கட்டிய சட்டத்தின் பெயரோ கூலி. அமெரிக்க நாட்டுச் சட்டமன்றமும் 1862இல் ஒரு சட்டத்தில் இச்சொல்லை ஏற்றியது. அமெரிக்கக் கப்பல்களில் 'கூலி வாணிகம்' நடத்தலாகாது என்பது அச்சட்டம்.

மொரிஷியசுத் தீவில் 1834 முதல் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கினர். சுமார் ஐந்து லட்சம் பேர் கடந்து சென்ற அந்தத் துறைமுகப் படித்துறைக்குக் 'கூலி காட்' என்று பெயர் வழங்கிற்று. தென்னாபிரிக்காவின் டர்பனுக்குச் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பின் அந்நாட்டில் வணிகரும் வழக்கறிஞரும்கூடக் கூலிகளே. 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகள் தம்மைக் 'கூலி பாரிஸ்டர்' என்று அழைத்ததைத் தம் சரிதத்தில் எழுதியுள்ளார். தமிழ்ப் பெயர்களின் ஈற்றில் வரும் 'சாமி' என்பதைக் கொண்டு இந்தியர் அனைவரையும் 'சாமி' என்று ஏளனமாக விளித்தனர் என்றும், அச்சொல்லுக்குத் தலைவன் என்று பொருள் என்பதை அவர்கள் அறியார் என்றும் அவர் குறிப்பிடுகிறார். ஏளனத்துக்கு எடுத்த சொல்லிலும் ஒரு வணக்கம் ஒளிந்திருந்தது. கூலிக்கு அத்தகைய பாதுகாப்பு ஒன்றும் இருக்கவில்லை. தென்னாபிரிக்காவில் இன்று அது வசைச்சொல்லாகவே கொள்ளப்படுகிறது.

இனி ஊவாவுக்குத் திரும்புவோம். கோப்பிப் பயிர் நோயால் அழிந்து தேயிலை தழைத்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இம்மலைகளில் தோட்டங்கள் பெருகின. 1890இல் தாமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். அவருடைய தம்பேதன்னைத் தொழிற்சாலையை இன்றும் காணலாம். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்கள் காடு வெட்டினர், கன்று நட்டனர், கொழுந்து எடுத்தனர். அரசின் ஏடுகளிலும் தோட்டத்தின் ஏடுகளிலும் அவர்கள் எல்லோரும் 'கூலிகள்'. அவர்களுடைய வீடு 'கூலி லைன்'. அவர்கள் பேசிய மொழிக்குக்கூட இப்பெயரை ஒட்டிவிட்டனர்: புதிதாக வரும் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென வெல்ஸ் என்பவர் எழுதிய கைநூலின் பெயர் 'கூலித் தமிழ்'. அத்தகைய மற்றொரு நூலுக்குப் பெயர் 'இங்கே வா'. வள்ளுவரின் மொழியில் துரைமார் முதற்கண் கற்க வேண்டியதாகத் தோன்றியது அந்த ஏவல்!

இங்கேதான் தோட்டத்து வழக்கில் ஒரு விந்தையைக் காண்கிறோம். இம்மலைகளில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த அளவு கொழுந்து எடுத்தவருக்கு அன்று ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் 'அரைப்பேர்'. இம்மாதம் எத்தனை பேர் என்று கேட்டால், எத்தனை நாள் வேலை என்பது பொருள். 'செக்ரோல்' என்னும் பதிவேட்டில் அவரவர் பெயருக்கு நேரே நாள்வேலை குறிக்கப்படுவதால் இவ்வழக்குத் தோன்றியது போலும். மேலே துரைமாரின் ஏட்டில் மனிதனின் பெயர் மறைந்து கூலி என்று ஆயிற்று. கீழே தேயிலை நிரையில் கூலியின் பெயர் மறைந்து பேர் என்று ஆயிற்று. பெயரை இழந்த மக்கள் தம் ஊதியத்துக்கே பெயர் என்று பெயரிட்டனர். எவரும் திட்டமிட்டு இதனைச் செய்யவில்லை. ஆயினும், மலைமேல் பகலெல்லாம் நின்று பறித்தும் அளவு சிறிது குறைந்தமையால் அரைப்பேருடன் இறங்கிவரும் ஒரு தாயை நினைக்கும்போது, அவ்வழக்கின் பொருள் நம் நெஞ்சைத் தைக்கிறது. அவள் பாதி மனிதராகவா கணிக்கப்பட்டாள்?

பெயரை மீட்கும் முயற்சியும் இம்மலைகளிலேயே நடந்தது. 1940இல் ஊவாத் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவின. பதுளையை அடுத்த வெவெஸ்ஸைத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு குழுவைத் தெரிவு செய்துகொண்டனர். சங்கங்கள் வளர வளர, 'தொழிலாளி' என்னும் சொல் கூலியின் இடத்தைப் பிடித்தது. ஆயின் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பல குடும்பங்களை இரண்டாகப் பிரித்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கிற்று. இதற்கிடையில் 'மலையகத் தமிழர்' என்னும் பெயரை அவர்கள் தாமே சூட்டிக்கொண்டனர். முன்னோர் நடந்துவந்த வழியை நினைவுகூர்ந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணமும் நிகழ்ந்தது.

பிற நாடுகளிலும் இவ்வாறே. மொரிஷியசின் கூலி காட் இப்போது ஆப்பிரவாசி காட். குடிபெயர்ந்தோர் துறை என்பது பொருள். 2006இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அத்தீவின் கவிஞர் கால் தொராபுல்லி வேறொரு வழியை நாடினார். கூலி என்னும் சொல்லை ஒதுக்காமல், அதிலிருந்தே 'கூலித்தியூட்' என்னும் புதுச்சொல்லை ஆக்கி, கடல் கடந்து உழைத்தோர் அனைவரின் பொதுவுணர்வுக்கு 1992இல் அதைப் பெயராக்கினார். வசையாக எறியப்பட்ட கல்லை எடுத்து வீட்டுக்கு அடிக்கல்லாக நாட்டியதற்கு ஒப்பான செயல் அது.

நாம் எவ்வழியைக் கொள்வது? பாடசாலைப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுத நேர்ந்து தலைகுனிந்த பிள்ளைகள் உண்டு. அப்பிள்ளைகளுக்கு நாம் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. உன் தந்தை கூலி அல்லர். கூலி என்பது அவருக்கு வரவேண்டியது. வள்ளுவர் இச்சொல்லை எந்த இடத்தில் வைத்தாரோ அந்த இடத்தில் அது மீண்டும் இருக்கட்டும். தோட்டங்களில் சம்பளத்துக்காக எழும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒருவகையில் இதையே கேட்கிறது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று பல ஆண்டுகள் எழுப்பிய குரலுக்கு 2021இல்தான் வர்த்தமானி அறிவித்தல் வந்தது.

பதுளையில் 2005இல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது; தேயிலைத் தொழில்நுட்பம் அங்கே ஒரு பட்டப்படிப்பு. கொழுந்து பறித்தவரின் பேரப்பிள்ளைகள் கொழுந்தை ஆராயும் காலம் இது. அம்மாணவர்கள் விடுமுறையில் வீடு செல்லும்போது, தம் பாட்டிமாரின் அருகே அமர்ந்து, பேர், அரைப்பேர், கைக்காசு, பெரட்டு, லயம் என்னும் சொற்களைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். எந்தச் சொல் எந்நாளில், எவர் வாயில், என்ன பொருளில் வழங்கியது என்பதையும் உடன் எழுதுதல் நன்று. துரைமார் எழுதிய அகராதிகள் நூல்நிலையங்களில் இருக்கின்றன. பாட்டிமாரின் அகராதி இன்னும் எழுதப்படவில்லை.