முதிரைக் கதவில் ஒரு மேசை

2022 மே மாதம் பெற்றோல் வரிசைகள் நீண்டுகொண்டே போனபோது, கல்முனையில் நான் கணக்கு எழுதும் அலுவலகம் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது. திருக்கோவிலில் எங்கள் வீட்டில் எனக்குக் கிடைத்தது பின்விறாந்தையின் ஒரு மூலை. தகரக் கூரை, ஒரு பிளாஸ்டிக் கதிரை, மடிக்கணினி வைக்க அம்மாவின் தையல் மெசின். பத்து நாளில் கழுத்து திரும்ப மறுத்தது. மேசை விலை கேட்கப் போனேன். சம்பளத்தில் பாதி. வீட்டுக்கு வந்து, கிணற்றடிக் கொட்டிலில் சாத்திக் கிடந்த முதிரைக் கதவையும் நிலையையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கடற்கரையில் அம்மம்மாவின் வீடு 2004 டிசம்பர் 26 சுனாமியில் போனபோது மிஞ்சியவை அவை மட்டும்தான்.

அக்கரைப்பற்றில் அப்பாவுக்குத் தெரிந்த ஓடாவியார் ஒருவர் இருந்தார். எங்கள் கரையில் மரவேலை செய்பவரை ஓடாவி என்றுதான் சொல்வோம். அப்பா அவரைக் காக்கா என்பார், அண்ணன் என்ற அர்த்தத்தில். நானும் அப்படியே அழைத்தேன்.

"மேசை ஒண்டு செஞ்சு தருவீங்களா காக்கா?"

"தாறன். கூலி இரிக்கா?"

நான் பேசவில்லை.

"அப்ப நீதான் செய். நான் பாத்துக்கிட்டு இரிக்கன்."

முதல் நாளே பட்டறையில் அவருடைய வாளின் பற்களை உடைத்தேன். கதவுப் பலகையில் கோடு போட்டதும் அறுக்கத் தொடங்கிவிட்டேன். உள்ளே ஆணி இருந்தது. கடல்நீர் ஏறிய மரத்தில் ஆணியின் தலை துருவாகி உதிர்ந்துவிடும். உடல் உள்ளேயே தங்கும். மேலே ஒரு கரும்புள்ளிதான் தெரியும். காக்கா திட்டவில்லை. ஒரு காந்தத்துண்டை நூலில் கட்டிக் கையில் தந்தார். மூன்று நாட்கள் அந்தக் கதவின் மேல் காந்தத்தைத் தொங்கவிட்டு நடத்தி, அது சாய்ந்த இடமெல்லாம் கீறி, ஆணிகளைத் தோண்டி எடுத்தேன். நாற்பத்தொன்று. நாலாவது நாள் அரம் ஒன்றைத் தந்து, உடைத்த பற்களைத் தீட்டச் சொன்னார்.

அடுத்தது சீவுளி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வெட்கத்தில் பெரும்பங்கு இதில்தான் இருக்கிறது. முதிரையின் நார் ஒரே திசையில் ஓடாது. ஒரு விரல் அகலத்துக்கு இப்படி, அடுத்த விரல் அகலத்துக்கு அப்படி. எதிர் நாரில் சீவுளி போனால் கையில் ஒரு அதிர்வு வரும், கற்சாலையில் சைக்கிள் ஓடுவதுபோல. உடனே நிறுத்த வேண்டும். நான் நிறுத்தாமல் பலத்தைக் கூட்டினேன். பலகை செதில் செதிலாகப் பிய்ந்தது. "மரத்தோட சண்டை பிடிக்கிறாய் தம்பி. அது உன்னைவிட மூப்பு" என்றார். அலகை மயிரிழை அளவு மட்டும் வெளியே விட்டு, சீவுளியைச் சற்றுச் சரித்துப் பிடிக்கச் சொன்னார். ஒரு வாரம் போயிருக்கும். ஒரு பின்னேரம் அதிர்வு நின்றது. வெங்காயத் தோல்போல மெல்லிய மஞ்சள் சுருள் ஒன்று என் மணிக்கட்டில் விழுந்தது. அவரைத் திரும்பிப் பார்த்தேன். அஸர் தொழுகைக்குப் போயிருந்தார்.

நிலையை அறுத்துக் கால்கள் எடுத்தோம். கால்களில் துளை, குறுக்குச் சட்டங்களின் நுனியில் கழுந்து. துளைக்குள் இறுகிப் போய் உட்காரும் நாக்குதான் கழுந்து. அளவு நூல் கணக்கில். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். நான் ஒரு நூல் கூட்டி வெட்டியது துளையைப் பிளந்தது. குறைத்து வெட்டியது ஆடியது. இரண்டு சட்டங்கள் விறகாயின. கழுந்து சரியாக இருந்தால் கை அழுத்தத்தில் பாதி போகும், மீதிக்குக் கொட்டாப்புளியால் மூன்று தட்டு. மூன்றாவது தட்டில் சத்தம் மாறும். வெறும் மரத்தில் தட்டும் ஓசை போய், அடியில் பாறை இருப்பதுபோல ஒன்று வரும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஜூன் 28ஆம் திகதியிலிருந்து அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். அதன் பிறகு தம்பிலுவில் தாண்டிப் பட்டறைக்குச் சைக்கிளிலேயே போய்வந்தேன். உயரம் பற்றி அந்த நாட்களில்தான் வாக்குவாதம் வந்தது. அலுவலக மேசை முப்பது அங்குலம், ஆகவே இதுவும் முப்பது என்றேன். அவர் என்னைக் கதிரையில் இருத்தி, பாதங்கள் நிலத்தில் பதிய, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடக்கச் சொன்னார். முழங்கையிலிருந்து நிலம்வரை ஒரு ஈர்க்கிலை ஒடித்தார். இருபத்தெட்டே கால். "கடைக்காரன் உன்ட கைய அளந்தா மேசை செய்யிறான்?"

பிறகு என் பெரிய பிழை. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு உறவினர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். நான் செய்த மேசையை அவர்கள் பார்க்க வேண்டும் என்ற அவசரத்தில், பலகைகளைப் பசையிட்டு ஒட்டி, காக்காவிடம் கேட்காமலே, நாலு பக்கமும் திருகாணி போட்டுச் சட்டத்தோடு இறுக்கிவிட்டேன். எல்லாரும் தடவிப் பார்த்துப் புகழ்ந்தார்கள். கச்சான் காற்று அடித்து எல்லாம் காய்ந்து கிடந்த காலம் அது. டிசம்பரில் மாரி பிடித்ததும் பலகை நடுவில் வயிறு வைத்தது. பேனாவை வைத்தால் உருண்டு விழுந்தது. ஒரு இரவு சடாரென்று சத்தம்; சட்டத்தில் திருகாணி போட்ட இடம் பிளந்திருந்தது.

காக்கா வந்து பார்த்தார். "மாரிக்கு மரம் தண்ணி குடிக்கும். கச்சானுக்கு வத்தும். நீளத்தில ஒண்டும் நடக்காது, அகலத்திலதான். நீ அதுட வாயக் கட்டிப்போட்டாய்." என் அவசரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது, சொல்லியிருப்பதைவிட மோசமாக இருந்தது.

திருகாணிகளைக் கழற்றி, தையிலும் மாசியிலும் பலகையைத் தானாகவே படிய விட்டேன். பிளந்த சட்டத்தை மாற்றினேன். இந்த முறை பலகையின் நடுவை மட்டும் இறுக்கினோம். ஓரங்களில் துளைகளை நீள்வாக்கில் வெட்டி, திருகாணி அதற்குள் நகர இடம் விட்டோம். சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளி மேசையை வைத்தேன்.

மேசை சரியானதும் மூலையின் மற்றக் குறைகள் கண்ணில் பட்டன. தகரத்தின் கீழே பன்பாய்கள் மூன்றைக் கம்பியில் விரித்துக் கட்டினேன். பகல் வெக்கை கொஞ்சம் தணிந்தது, மழைச் சத்தத்தில் தொலைபேசியும் கேட்டது. கிழக்கு வெயில் திரையில் அடிக்காதபடி மேசையைத் திருப்பி, சன்னலை இடது கைப்பக்கம் வரச் செய்தேன். அந்தச் சன்னலுக்கு மருதமுனைக் கைத்தறித் துணி. மடிக்கணினியின் கீழே, மிஞ்சிய முதிரையில் ஒரு பெட்டி. திரையின் மேல்விளிம்பு இப்போது என் கண்மட்டத்தில் நிற்கிறது. இதெல்லாம் இரண்டு ஞாயிறு வேலை.

அடுத்த மாரியில் காக்கா ஒருநாள் வந்தார். மேசை மட்டமாக இருந்தது. அவர் மேற்பரப்பைப் பார்க்கவே இல்லை. குனிந்து, பலகையின் அடியில் உள்ளங்கையை ஓட்டினார்.

"அடியையும் சீவியிரிக்கலாம்" என்றார்.

அவர் தேத்தண்ணி குடித்து முடியும்வரை காத்திருந்து, மேசையைக் கவிழ்த்தேன்.