காருக்கும் மூச்சு வாங்கும்

கார் சைலன்சர் என்றதும் எல்லோரும் வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்ப்பார்கள். புகை வருகிற இடத்தில்தானே சத்தமும் வரும்? ஆனால் முன்பக்கம், பானெட்டுக்குள், இன்னொரு சைலன்சர் ஒளிந்திருக்கிறது. இன்ஜின் காற்றை உள்ளே இழுக்கும்போது எழும் சத்தத்தை அடக்குவது அதன் வேலை. ஏர் பில்டரை மூடியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிதான் அதில் முக்கியமான பாகம்.

உள்ளே போகிற காற்றுக்கு எதற்குச் சத்தம்? சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காடு வந்து, அங்கிருந்து மாரமங்கலம் போகும் நான்கு சிலிண்டர் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏற்றத்தில், இரண்டாவது கியரில், இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சு இழுக்கும். நான்கும் சேர்ந்தால் நிமிடத்துக்கு 6000, அதாவது நொடிக்கு 100 மூச்சு! வால்வு திறந்து மூடும்போதெல்லாம் குழாயில் உள்ள காற்று அதிர்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் காதில் அது 'பூம்ம்' என்று விழுகிறது.

அடக்க ஒரு வழி, முனை மூடிய கிளைக்குழாய். அதற்குள் போகும் அலை முட்டித் திரும்பி, வருகிற அலையை எதிர்த்து அழித்துவிடும். நொடிக்கு 100 அதிர்வு என்றால் குழாய் சுமார் 85 செ.மீ. நீளம் வேண்டும். பானெட்டுக்குள் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

இங்கேதான் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கைகொடுக்கிறார். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் அல்லவா? அதே தத்துவம். 10 சதுர செ.மீ. வாய், 12 செ.மீ. கழுத்து, சுமார் இரண்டரை லிட்டர் வயிறு. இப்படி ஒரு டப்பாவைக் குழாயோடு இணைத்தால் அந்த 100 அதிர்வை அது விழுங்கிவிடும்.

சிக்கல் என்னவென்றால், அதற்குத் தெரிந்தது அந்த ஒரு சுருதிதான். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு இன்ஜின் வேகம் மாறும். 2000 சுற்றில் 67 அதிர்வு, 4000 சுற்றில் 133. ஆகவே எந்தச் சத்தம் காதை அதிகம் வருத்துகிறதோ அதை டப்பாவுக்கும், மீதியைப் பெரிய பில்டர் பெட்டிக்கும் ஒதுக்குகிறார்கள். குழாயை ஒடுக்கினாலும் சத்தம் குறையும். ஆனால் மூச்சும் குறையுமே! ஏற்காட்டின் 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத இன்ஜின் ஏற்கெனவே இளைத்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் வரவு, கொஞ்சம் செலவு என்று பார்த்துப் பார்த்துப் போடுகிற கணக்கு இது.

இந்தக் கணக்கு தெரியாமல் சிலர் பெட்டியையே கழற்றிவிட்டுத் திறந்த பில்டர் மாட்டுகிறார்கள். உறுமல் கூடுகிறது, வண்டி பறப்பதாக ஒரு நினைப்பு. உண்மையில் பல கார்களில் அந்த பில்டர் இழுப்பது இன்ஜினைச் சுற்றியுள்ள சூடான காற்றை. சூடான காற்று இன்னும் லேசானது. மலை ஏறத் தேவையான பலத்தில் அங்கேயும் ஒரு பங்கு போய்விடும்.

இந்தியாவில் புதிய கார்களுக்கான ஓடும் சத்தத்தின் வரம்பு 2005 ஏப்ரல் முதல் 74 டெசிபல் ஆனது. அதற்குள் அடங்க எத்தனையோ பேர் மண்டையைக் குடைந்து செய்த பெட்டியை, பத்து நிமிடத்தில் ஒரு ஸ்பேனர் வீணாக்கிவிடுகிறது. கார் இரவில் மாரமங்கலத்தைத் தாண்டிப் போய்விடும். தூக்கம் கெடுவது ஊருக்குத்தான்.