கடல் கடந்த கொடி

குறிஞ்சாக்கேணியில் எமது வீட்டுக்கு அடுத்த வளவிலே முந்திரிகைக் கொடி ஒன்று பந்தரிற் படர்ந்து நிற்கின்றது. வளைகுடா நாட்டில் உழைத்து மீண்ட நானா ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து தடி கொணர்ந்து நட்டது அது. ஈராண்டாக இலையன்றிக் காய் காணாத அக்கொடியை அவர் ஒருநாள் ஈவிரக்கமின்றி வெட்டினார். நாம் பதைத்தோம். “வெட்டாட்டிக் காய்க்காது, மாஸ்டர்” என்றார். மெய்தான், குளிர்காலமற்ற எமது நாட்டிலே கவ்வாத்துச் செய்தாலன்றி இக்கொடி நன்கு காய்ப்பதில்லை.

அந்நாளில் எமது இல்லத்திலும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மூத்த மகன் வெளிநாடு செல்ல விரும்பினான். தாய் அழுதாள், நாம் தடுத்தோம். பிறந்த மண்ணை விட்டவன் எங்கே வேரூன்றுவான் என்பது எமது வாதம்.

வெட்டுண்ட கொடியைக் காணுந்தோறும் அகோஸ்டன் ஹராஸ்தியின் வரலாறு நினைவில் எழுந்தது. 1812 இல் ஹங்கேரியிலே பிறந்த அவர், 1840 இல் அமெரிக்கா சென்றார். விஸ்கொன்சினில் ஓர் ஊரை நிறுவினார்; 1849 இல் கலிபோர்னியாவை அடைந்து, சான் டியாகோ மாவட்டத்தின் முதல் செரீப்பானார். 1857 இல் சொனோமாவிலே ‘புவெனா விஸ்டா’ என்னும் முந்திரிகைத் தோட்டத்தைத் தொடங்கினார். மலையைக் குடைந்து அவருடைய மதுச்சாலைக்கு நிலவறை அமைத்தோர் சீனத் தொழிலாளர். அவர்களும் குடிபெயர்ந்தோரே.

1861 இல் ஆளுநரின் நியமனம் பெற்று ஐரோப்பா சென்ற ஹராஸ்தி, ஏறத்தாழ 300 வகையைச் சேர்ந்த, ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட கொடிகளைச் சேர்த்து அனுப்பினார். செலவை ஈடுசெய்யச் சட்டசபை மறுத்துவிட்டது. பின்னர் தோட்டமும் அவர் கையை விட்டகன்றது. 1868 இல் நிக்கராகுவாவுக்குப் பெயர்ந்தார்; மறு ஆண்டில் ஆற்றங்கரையிலே மறைந்தார். முதலைக்கு இரையானார் என்பர்.

அவரைக் கலிபோர்னிய மதுத்தொழிலின் தந்தை என்று புகழ்வர். ஆயினும், அவருக்கு முன்னரே கிறித்தவத் துறவியர் அங்கே கொடி நட்டிருந்தனர். புகழிலே சிறிது குறைத்தாலும், அவர் உழைப்பிலே குறைக்க எதுவுமில்லை.

இக்கதையை மகனுக்குச் சொல்லத் துணிந்தபோது, இல்லாள் இடைமறித்தாள்: “முதலை வாயில போனவற்ற கதையையோ பிள்ளைக்குச் சொல்லப் போறியள்?”

நாம் முழுவதையுமே சொன்னோம். வென்ற பாதியை மட்டும் சொல்லி அனுப்புவது ஆசிரியனுக்கு அழகன்று. தந்தைக்கு அதனினும் அன்று. முடிவில் விடையும் கொடுத்தோம். “போய் வா. எவர் வாக்குத் தந்தாலும், அரசே தந்தாலும், எழுத்திலே வாங்கிக்கொள்” என்றோம். அவன் சிரித்தான், தாய் சிரிக்கவில்லை.

சென்ற கிழமை, நானா முதற்குலையை வாழையிலையிற் பொதிந்து கொணர்ந்தார். சற்றே புளிப்பு. பயணப் பெட்டியருகே இருந்து நால்வரும் உண்டோம்.